கால்வாய்க் கரைப்பாதை: கொடுங்கையூர்ப் பகுதிக்கான திட்டமிடலும் பராமரிப்பும்

கரைப்பாதை என்னும் சொல் இந்நூலில், ஆறு, ஓடை, கால்வாய் ஆகியவற்றின் கரையை ஒட்டி, மோட்டார் வாகனங்கள் நுழையாதவாறு நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒதுக்கப்பட்டு, வழியிலுள்ள பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் இணைத்துச் செல்லும் தொடர்பாதையைக் குறிக்கும். பூங்காவில் நடைபயிற்சி செய்பவர் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருகிறார். கரைப்பாதையில் செல்பவரோ பள்ளிக்கோ சந்தைக்கோ ரயில் நிலையத்திற்கோ போய்ச் சேருகிறார். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு திட்டமிடும்போதுதான், பாதை காலையில் ஒரு மணி நேரம் பயன்பட்டு மீதிப் பொழுதெல்லாம் வெறிச்சோடிக் கிடக்காமல், நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் உள்ளதாக அமையும்.

பெருநகர சென்னை மாநகராட்சியின் நான்காம் மண்டலமான தண்டையார்பேட்டையில் அடங்கிய கொடுங்கையூருக்கு இத்தகைய பாதையின் தேவை மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. மணலிக்கும் மாதவரத்திற்கும் மூலக்கடைக்கும் செல்லும் சாலைகளில் சரக்கு லாரிகளும் தண்ணீர் லாரிகளும் குப்பை லாரிகளும் இடைவிடாது ஓடுகின்றன. அதே சாலைகளில்தான், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெற்ற மாணவர்களும், பட்டறை வேலைக்குச் செல்வோரும், மூன்றுசக்கர மிதிவண்டியில் காய்கறி விற்போரும் ஓரம் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை 2014-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதால், நடைக்கும் மிதிவண்டிக்கும் தனி இடம் கேட்பதைச் சலுகை கோருவதாகக் கருதத் தேவையில்லை. ஏற்கப்பட்ட கொள்கையை நிறைவேற்றக் கோருவதாகவே மனுக்களில் எழுதலாம்.

பகுதியின் நீர்வழிகள்

வடசென்னையின் தட்டையான நிலத்தில் மழைநீர் வடிவதற்கு முதன்மையான வழி பக்கிங்காம் கால்வாய். இதன் முதற்பகுதி, சென்னையிலிருந்து எண்ணூர் வரையில், 1806-இல் பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் வெட்டத் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் காக்ரேன் கால்வாய் என்றே வழங்கியது. பின்னர் வடக்கே படிப்படியாக நீட்டப்பட்ட இக்கால்வாய், 1876-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட துண்டோடு சேர்ந்து, அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் வரை செல்லும் இக்கால்வாயில் 257 கிலோமீட்டர் ஆந்திரத்திலும் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன.

கரைப்பாதை அமைப்போர் இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உப்பும் விறகும் தானியமும் ஏற்றிவந்த படகுகள் காற்று இருந்தபோது பாய் விரித்தும், இல்லாதபோது கழி ஊன்றியும், பல இடங்களில் கரையில் நடக்கும் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் செலுத்தப்பட்டன. ஆகவே கரையில் மனிதர் நடப்பதற்கான வழி கால்வாயோடு சேர்ந்தே பிறந்ததாகும். 1965, 1966 ஆண்டுகளின் புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து தேய்ந்து மறைய, அந்த வழியும் மறைந்தது. 1990-களில் கால்வாயின் நகரப் பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டபோது அங்கே கரை மட்டுமன்றி நீரோடும் அகலமும் குறைந்தது. வடபகுதியில் அத்தகைய தூண்கள் இல்லை என்பது கொடுங்கையூருக்கு வாய்ப்பானதாகும்.

பக்கிங்காம் கால்வாயோடு சேரும் கிளைகளில் இப்பகுதிக்கு முக்கியமானவை கொடுங்கையூர் கால்வாயும், வியாசர்பாடிப் பக்கமாக வரும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஆகும். மேற்கிலுள்ள ஏரிப் பகுதிகளின் மிகுநீரும் குடியிருப்புகளின் மழைநீரும் இவற்றின் வழியாகக் கிழக்கு நோக்கி வந்து பக்கிங்காம் கால்வாயை அடைந்து, வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாற்றோடு கலந்து கடலுக்குச் செல்கின்றன. முகத்துவாரத்தில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், மிகுந்திருக்கும் வேளையில் கால்வாய் நீர் வடியாமல் தேங்கும். கனமழையும் ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால் கரையோரத் தெருக்களில் நீர் ஏறும். இந்த இயல்பை மாற்றும் ஆற்றல் பாதைக்கு இல்லையாதலால், பாதையே இந்த இயல்புக்கு இசைந்து அமைய வேண்டும்.

முன்மாதிரிகள் இரண்டு

சென்னையிலேயே ஆராயத்தக்க முன்மாதிரி அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவாகும். கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டுத் தூர்ந்து கிடந்த 58 ஏக்கர் நிலம், 2006-இல் இதற்கென அமைக்கப்பட்ட அறக்கட்டளையின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டு 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்த அறக்கட்டளையே இன்று சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்னும் பெயரில் இயங்குகிறது. அங்கே முதலில் இடிபாடுகள் அகற்றப்பட்டு, நீர் வந்து போகும் வழிகள் திறக்கப்பட்டு, ஈரநிலச் செடிகள் நடப்பட்டன. நடைபாதை அவற்றுக்கு ஊடாகவே அமைந்தது. கொடுங்கையூரில் பின்பற்றத்தக்கது இந்த வரிசைமுறையே. நுழைவைக் கட்டுப்படுத்தி, இயற்கைக் கல்விக்கே முதலிடம் தந்த அப்பூங்காவின் நிருவாக முறையோ, தெருவுக்குத் தெரு வாசல் வேண்டிய கரைப்பாதைக்குப் பொருந்தாது.

இரண்டாவது முன்மாதிரி சிங்கப்பூரின் காலாங் ஆற்றுப் பாதை. தீவிலுள்ள பூங்காக்களை நடைபாதையாலும் மிதிவண்டிப் பாதையாலும் கோக்கும் பூங்கா இணைப்புப் பாதைகள் அங்கே 1990-களின் தொடக்கத்தில் உருவாகத் தொடங்கியபோது, முதலில் அமைந்தவற்றுள் ஒன்று காலாங் ஆற்றின் கரையில் செல்வதாகும். அவ்வாற்றின் மேற்பகுதியில், பீஷான் – அங் மோ கியோ பூங்காவில், 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் வடிகால் உடைக்கப்பட்டு, 3.2 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து செல்லும் இயற்கையான ஓடையாக 2012-இல் மாற்றப்பட்டது. மழை பெய்தால் ஓடை பூங்காவுக்குள் பரவி நிற்கவும், மழை ஓய்ந்தபின் வடியவும் அங்கே இடம் விடப்பட்டிருக்கிறது. நீர்மட்டம் உயரும்போது ஒலியாலும் விளக்காலும் எச்சரிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பாதையை வெள்ளத்திற்கு மேலே தூக்கிக் கட்டுவதைவிட, வெள்ளத்தில் மூழ்கி, கழுவப்பட்டு, மறுநாள் பயன்பாட்டுக்கு வரும்படி அமைப்பது மலிவானதும் நீடிப்பதும் ஆகும் என்பதே அதிலிருந்து பெறப்படும் பாடம்.

நிலம் யாருடையது

மனு எழுதுவதற்கு முன் தெளிய வேண்டிய முதற்கேள்வி, கரை எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது என்பது. பக்கிங்காம் கால்வாய் போன்ற பெரிய நீர்வழிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. பொதுப்பணித் துறையின் பகுதியாக இருந்த நீர்வளத் துறை 2021 முதல் தனித் துறையாக இயங்குகிறது. சிறிய கால்வாய்களும் மழைநீர் வடிகால்களும் தெருவிளக்குகளும் பூங்காக்களும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. கழிவுநீர்க் குழாய்களும் நீரேற்று நிலையங்களும் சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. ஒரே கரையில் இம்மூன்று அமைப்புகளும் தனித்தனியே பணி செய்வதால், ஒரு துறை போட்ட தளத்தை அடுத்த துறை தோண்டும் நிலை எளிதில் நேர்கிறது; ஆகவே மூன்று துறைகளின் பொறியாளர்களும் ஒரே நாளில் கரையைக் கூட்டாகப் பார்வையிட வேண்டும் என்பதே குடியிருப்போர் சங்கங்களின் முதற்கோரிக்கையாக அமைதல் நலம்.

கரையின் சட்டப்படியான அகலத்தை அறிய, நில அளவைத் துறையின் புலப்படமும் நகர நில அளவைப் பதிவேடும் உதவும். புலப்படம் என்பது ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய எல்லைகளை அளவோடு காட்டும் வரைபடம். பதிவேடு அந்நிலத்தின் வகைப்பாட்டையும் உரிமையையும் காட்டுவது. வேண்டிய விவரம் அலுவலகத்தில் கிடைக்காவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். ஓதநீர் ஏறி இறங்கும் கால்வாய்ப் பகுதிகள் 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்கு உட்படும் என்பதால், அங்கே கரையில் நிரந்தரக் கட்டுமானம் செய்யும் முன் உரிய அனுமதி பெறப்பட்டதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

கரையில் குடியிருப்போரைப் பற்றித் தெளிவான நிலைப்பாடு இல்லாமல் எந்தத் திட்டமும் முழுமையடையாது. கூவம் சீரமைப்பின்போது கரையோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டதும், வேலையும் பள்ளியும் எட்டாத தூரமானதும் நகரம் அறிந்த செய்தி. பாதைக்கு வேண்டிய அகலம் கிடைக்காத இடத்தில் பாதையை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட முடியும். குடும்பத்தின் பிழைப்பை அவ்வாறு திருப்பிவிட முடியாது. ஆகவே கரைவாசிகளைத் திட்டக்குழுவில் முதல்நாளிலிருந்தே சேர்த்துக்கொள்வதும், அவர்களையே பாதையின் முதற்பயனாளிகளாகக் கொள்வதும் நீதியும் ஆகும், நடைமுறைக்கு உகந்ததும் ஆகும். வாசல் பாதையை நோக்கியிருக்கும் வீடுகளே பாதைக்குச் சிறந்த காவல்.

அளவுகளும் தளமும்

கரையில் முதல் உரிமை நீருக்கும், இரண்டாம் உரிமை தூர்வாரும் இயந்திரத்திற்கும், மூன்றாம் உரிமை நடப்பவருக்கும் உரியது. இவ்வரிசை நடப்பவரைத் தாழ்த்துவதாகத் தோன்றலாம். ஆனால் தூர்வாரப்படாத கால்வாயின் கரையில் நாற்றமும் கொசுவும் மிகுந்து யாரும் நடக்கமாட்டார்கள் என்பதால், இயந்திரத்திற்கு விடப்படும் வழியே நடப்பவரையும் காக்கிறது. ஆகாயத்தாமரையை அகற்றும் ஆம்பிபியன் இயந்திரத்தை நீரில் இறக்கவும், சேற்றை அள்ளும் பொக்லைன் கரையில் ஊர்ந்து செல்லவும், ஏறக்குறைய 4 மீட்டர் அகலம் தேவைப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய சில வாரங்கள் இயந்திரத்திற்கும், ஆண்டின் மற்ற நாள்கள் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் என ஒரே 4 மீட்டர் தளத்தைப் பகிர்ந்துகொள்வதே இடநெருக்கடி மிகுந்த கரைகளுக்கு ஏற்ற அமைப்பு.

இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறைப்படி நடைபாதையில் தடையின்றி நடக்கக்கூடிய அகலம் குறைந்தது 1.8 மீட்டரும், தலைக்குமேல் தடையற்ற உயரம் 2.2 மீட்டரும் இருக்க வேண்டும். எனவே 4 மீட்டர் தளத்தில் வீட்டுப் பக்கமாக 1.8 மீட்டரை நடைக்கு ஒதுக்கி, மீதியை மிதிவண்டிக்கு விட்டு, இடையில் வண்ணக் கோடு இடலாம். சுவரோ தடுப்புக் கட்டையோ எழுப்பினால் இயந்திரம் செல்ல முடியாது. அகலம் 3 மீட்டருக்குக் குறையும் இடங்களில் மிதிவண்டிக்காரர் இறங்கித் தள்ளிச் செல்லுமாறு பலகை வைப்பதும், 2 மீட்டருக்குக் குறைந்தால் மிதிவண்டி வழியை இணையான தெருவுக்கு மாற்றுவதும் விபத்தைத் தவிர்க்கும். பாலங்களின் அருகே பாதை சாலைமட்டத்திற்கு ஏறும் சரிவு, 12 மீட்டர் நீளத்திற்கு 1 மீட்டர் உயரத்தை மிஞ்சாதிருந்தால்தான் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் ஏறும்.

தளத்திற்கு டைல்ஸ், மெருகேற்றிய கருங்கல், பேவர் பிளாக் ஆகிய மூன்றும் ஏற்றவை அல்ல. டைல்ஸ் இயந்திரத்தின் எடையில் நொறுங்கும்; மெருகேற்றிய கல் சேறு படிந்தால் வழுக்கும்; பேவர் பிளாக் வெள்ளத்தில் அடிமணல் அரிக்கப்பட்டுப் பெயரும். இறுக்கிய சரளைத் தளத்தின்மேல் இடப்பட்டு, காய்வதற்கு முன் துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்கப்பட்ட கான்கிரீட் தளமே மூழ்கவும் கழுவவும் தாங்கும். தூர்வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டால் அடுத்த மழையில் அது மீண்டும் கால்வாய்க்குள் இறங்கிவிடும் என்பதால், சேறு காய்வதற்கென இடங்களைப் பாதையை ஒட்டி முன்கூட்டியே குறித்து, அள்ளிச் செல்லும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

வாசல்களை 200 அல்லது 250 மீட்டருக்கு ஒன்றாக அமைப்பது நல்லது. மழையோ அச்சமோ நேர்ந்தால் எவரும் விரைவாகத் தெருவுக்கு வெளியேற முடியும். ஒவ்வொரு வாசலிலும் கழற்றக்கூடிய இரும்புத் தூண்களை 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தலாம். சக்கர நாற்காலி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழையும் என்பதைத் திட்டமிடுவோர் மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை. அதைத் தடுக்க அருகிலுள்ள கடைக்காரரும் வீட்டாரும் சொல்லும் சொல்லே தூணைவிட வலியது. பாதை பெருஞ்சாலைகளைக் கடக்கும் இடமே அதன் மிகப் பலவீனமான இடமாகையால், அங்கே வேகத்தடையும் சாலை நடுவே நின்று கடக்கும் திட்டும் சிக்னலும் இல்லாமல் பாதையைத் திறக்கக் கூடாது.

மரமும் செடியும்

கரையின் உச்சியில் பெருமரம் நட்டால் வேர் தடுப்புச்சுவரைப் பிளக்கும். கிளை இயந்திரத்தை மறிக்கும். நிழல்மரங்களைப் பாதையின் தெருப்பக்கமாகவும், புல்லையும் குறுஞ்செடிகளையும் நீர்ப்பக்கமாகவும் நடுவதே முறை. புங்கன், பூவரசு, நாவல், நீர்மருது, வேம்பு ஆகியவை இம்மண்ணுக்குப் பழகியவை. உப்புநீர் ஏறும் பகுதியில் புன்னையும் பூவரசும் தாங்கும். 2016 டிசம்பர் 12 அன்று கரையேறிய வர்தா புயலில் நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்ததை நினைத்து, விரைவில் வளரும் அயல் மரங்களைவிட ஆழ வேரூன்றும் நாட்டு மரங்களைத் தேர்வது நன்று. கோடையில் நீர் பாய்ச்சுவதற்குக் குடிநீரை நாடத் தேவையில்லை: கொடுங்கையூரிலேயே கழிவுநீரை மும்முறை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. சுத்திகரித்த நீரில் சிறுபங்கைப் பாதையோர மரங்களுக்குக் கேட்டுக் குடிநீர் வாரியத்திற்கு எழுதலாம்.

வெள்ளம், எண்ணெய், குப்பை

வெள்ளக் காலத்தில் பாதையை மூடுவதற்கு எளிய வழி, பாலத்தூண்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பட்டைகள் தீட்டி, நீர் மஞ்சளைத் தொட்டதும் வாசல்களைப் பூட்டும் பொறுப்பை ஒவ்வொரு வாசலுக்கும் இருவரிடம் ஒப்படைப்பதாகும். வடிந்தபின் பாதையை உடனே திறக்காமல், தளத்தில் படிந்தது சேறா எண்ணெயா என்று பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, வீடுகளையும் படகுகளையும் வலைகளையும் அலையாத்தி மரங்களையும் பாழாக்கியது. எண்ணெய் தென்பட்டால் வெறுங்கையால் துடைக்காமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மாநகராட்சியின் 1913 என்னும் எண்ணுக்கும் தெரிவித்துவிட்டு, பாதையை மூடியே வைக்க வேண்டும். கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியத்தின் 1916 என்னும் எண்ணை அழைக்கலாம்.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கை ஒட்டிய பகுதிக்குத் தனிக் கவனம் தேவை. 250 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையை அகற்ற, பயோமைனிங் என்னும் முறை கையாளப்படுகிறது. பழைய குப்பையைக் கிளறி உலர்த்தி, சலித்து, மண், கல், பிளாஸ்டிக், துணி எனப் பிரித்து நிலத்தை மீட்பதே அம்முறை. 60 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குப்பையைப் பிரித்தெடுக்கும் இப்பணி நிறைவடையும்வரை, கிடங்கிலிருந்து இறங்கும் கசிவுநீரும் அவ்வப்போது எழும் புகையும் அப்பக்கத்துக் கரையை நடைபயிற்சிக்குத் தகாததாக்குகின்றன. எனவே பாதையின் முதற்கட்டத்தைக் கிடங்கிலிருந்து விலகிய குடியிருப்புப் பகுதியில் தொடங்கி, கிடங்கை ஒட்டிய துண்டை நிலம் மீட்கப்பட்டபின் அமையும் இறுதிக் கட்டமாக வைப்பதே அறிவுடைமை. நிலம் மீண்டபின் அதன் பயன்பாடு முடிவாகும்போது, கால்வாயை ஒட்டி அகலமான பசும்பட்டை ஒன்றை விட வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே பதிவு செய்து வைக்கலாம்.

தொடங்கும் முறை

முழு நீளத்திற்கும் ஒரே நேரத்தில் திட்டம் கேட்பதைவிட, இரண்டு பாலங்களுக்கு இடைப்பட்ட ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஒரு பள்ளியையும் ஒரு பூங்காவையும் அது இணைக்குமாறு தேர்ந்து தொடங்குவது பயன்தரும். 2022-இல் வெளியான விதிகளின்படி அமைந்த வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலை மாமன்ற உறுப்பினர், மண்டல அலுவலர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர் ஆகியோருக்கு அனுப்ப வேண்டும். தீர்மானத்தோடு கரையின் அளவுப்படமும், குறுகலான இடங்களின் பட்டியலும், கழிவுநீர் கலக்கும் குழாய்வாய்களின் குறிப்பும் இணைந்திருந்தால், அலுவலகத்தில் அது வெறும் விண்ணப்பமாகக் கிடக்காமல் மதிப்பீடு தயாரிக்கும் அடிப்படை ஆவணமாகும். பராமரிப்புக்கான ஆண்டுத் தொகை எந்தத் துறையின் கணக்கில் வரும் என்பது எழுத்தில் உறுதியாகாதவரை கட்டுமானத்தைத் தொடங்கவிடாதிருப்பது நல்லது. திறப்பு விழாக் கண்டு இரண்டே மழையில் சிதைந்த பாதை, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அவ்விடத்தில் வேறு பாதை வராமல் தடுத்துவிடும்.

இவை அனைத்திற்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. சங்க உறுப்பினர் நால்வர், அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, தேர்ந்த துண்டின் இரு கரையையும் மே மாதத்தில் ஒருமுறையும் நவம்பரில் ஒருமுறையும் நடந்து அளக்க வேண்டும். கோடையில் கரையின் அகலம் தெரியும்; மழையில் நீரின் அகலம் தெரியும். கோடையில் தெரியும் கரையில் மழைநீர் பிடிக்கும் பகுதியைக் கழித்து எஞ்சுவதே பாதைக்கு உரிய இடம்.